பதினோரு வயதுக்குப் பிறகு படிக்க என்ன வைத்திருக்கிறோம்?

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். நெல்லும் மல்லாட்டையும் விளையும் சுற்றுக் கிராமங்களிலிருந்து இங்கே அரசுப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளைக்கு, தொடக்கப் பள்ளி வயதில் இன்று கதைப் புத்தகப் பஞ்சம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் அழகான சிறு நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இதழ்களும் வந்தன. இது பாராட்டப்பட வேண்டிய வேலை. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பதினாறு பக்கக் கதை பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களோ பார்த்த உடனே மலைப்பூட்டுகின்றன. இரண்டுக்கும் நடுவே, பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரையிலான அந்த நான்கைந்து ஆண்டுகளுக்கு, கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ் தன் வாசகர்களை இழப்பது இந்த இடைவெளியில்தான் என்பது என் கருத்து. அதை அடைக்க வல்லது முழு நீளச் சாகச நாவல். அறிவுரைக் கதையோ பொது அறிவுத் தொகுப்போ அந்த வேலையைச் செய்யாது.

ஏன் சாகசம்? இந்த வயதில் பிள்ளைகள் முதன்முதலாகத் தாமாக முடிவெடுக்கத் தொடங்குகிறார்கள். யாரை நம்புவது, எப்போது வாய் திறப்பது, பயத்தை எப்படிக் கையாளுவது என்பவை அவர்களுடைய அன்றாடக் கேள்விகள். சாகச நாவலின் அடிப்படையே இவைதான். அதில் ஒரு பாத்திரம் எடுக்கும் முடிவுக்கு அடுத்த அத்தியாயத்திலேயே விளைவு இருக்கும். அந்த விளைவை அறியத்தான் வாசகர் பக்கத்தைப் புரட்டுகிறார். அப்படிப் புரட்டிப் புரட்டித்தான் நீண்ட வாசிப்புக்குத் தேவையான மூச்சு பிடிபடுகிறது. அமெரிக்க மொழியியல் அறிஞர் ஸ்டீவன் கிராஷன் 1993இல் வெளியிட்ட தன் நூலில், பிள்ளைகள் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்துப் படிக்கும் வாசிப்புதான் சொல்வளத்தையும் எழுத்துத் திறனையும் கூட்டுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து வாதிட்டார். நமக்கு அமெரிக்க ஆய்வுகள்கூடத் தேவையில்லை. 1888இல் தேவகி நந்தன் கத்ரி எழுதிய ‘சந்திரகாந்தா’வைப் படிப்பதற்காகவே பலர் இந்தி எழுத்துகளைக் கற்றார்கள் என்று இந்தி இலக்கிய வரலாற்றில் சொல்லப்படுகிறது. மாறுவேடக்காரர்களும் மாயக் கோட்டைகளும் நிறைந்த கதை அது. தமிழில் 1950 முதல் வாரந்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்காகக் குடும்பங்கள் இதழை எதிர்பார்த்துக் கிடந்தன. அந்த நாவலின் முதல் இழுவிசை சோழர் வரலாறு அல்ல. ஒரு துடுக்கான இளைஞன் ஓலையோடு குதிரையேறிப் புறப்படுவதுதான்.

சாகசக் கதை மேல்நாட்டிலிருந்து வந்த கேளிக்கைச் சரக்கு என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டத்தின் பழைய இலக்கியத்தைப் பார்க்க வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த மண்ணைப் பற்றியது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். பாட்டுடைத் தலைவன் செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னன். பரிசில் பெற்று வந்த கூத்தன் ஒருவன் இனிப் போகவிருக்கும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்புப் புற்றுகளை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது, வழுக்குப் பாறையில் எதைப் பிடித்து நடப்பது, இரவில் எந்தக் குகையில் தங்குவது, வழி தவறினால் இசைக்கருவிகளை முழக்கி மலைவாணரை எப்படி உதவிக்கு அழைப்பது என்று அந்தப் பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டை நெருங்கும் ஒரு பயண சாகசம் இது. நாம் அதைப் பள்ளியில் அடியெண்ணும் ஆசிரியர் பெயருமாக ஒற்றை மதிப்பெண் வினாவாக்கிவிட்டோம். இதே செங்கம் வட்டாரத்து நடுகற்களில் எடுத்தனூர் கல் ஒன்று உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கருந்தேவகத்திக்கு எடுத்த கல் அது. அவன் அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்றது என்று கல்வெட்டு பெயரோடு பதிவுசெய்கிறது. ஏழாம் நூற்றாண்டு நாய்க்குப் பெயர் தெரிந்திருக்கும் மாவட்டம் இது. பன்னிரண்டு வயது வாசகருக்கு இதைவிட நல்ல நாவல் கரு எங்கே கிடைக்கும்?

செஞ்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்து நிற்கும் கோட்டை. 1677இல் சிவாஜி கைப்பற்றியது. 1689இல் அவருடைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்தார். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. கோட்டை விழும் முன்பே ராஜாராம் மீண்டும் தப்பினார். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனையும் அவன் தோழன் மகமத்கானையும் கதைப்பாடல் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. 2025இல் யுனெஸ்கோ மராத்திய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். இத்தனை இருந்தும், இந்தக் கோட்டைக்குள் ஒரு தமிழ்ச் சிறுமியையும் அவள் தம்பியையும் அனுப்பிவைத்து, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அறியும்படி புகழ்பெற்ற ஒரு நாவல் நமக்கு வாய்க்கவில்லை. வங்கத்தைப் பாருங்கள். சத்யஜித் ராய் ஃபெலூடா துப்பறியும் கதைகளை 1965இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் தொடங்கினார். அவற்றில் ஒன்றான ‘சோனார் கெல்லா’வில் ராஜஸ்தானின் ஜெய்சல்மர் கோட்டையை அவர் எழுதிய பிறகு, வங்கக் குடும்பங்கள் அந்தக் கோட்டையைத் தேடிப் போகின்றன. ‘பதேர் பாஞ்சாலி’ எழுதிய விபூதிபூஷண் வந்தோபாத்யாய, ஆப்பிரிக்காவுக்குப் போகாமலேயே ஒரு வங்கக் கிராமத்து இளைஞனை ஆப்பிரிக்கக் காடுகளுக்கு அனுப்பி ‘சாந்தேர் பஹார்’ எழுதினார். 1937இல் அது நூலானது. அந்த மொழியின் தலைசிறந்தவர்கள் பிள்ளைகளுக்கு எழுதுவதைத் தங்கள் இலக்கியப் பணியின் பகுதியாகவே வைத்திருந்தார்கள். வங்கத்தில் வாசிப்புப் பழக்கம் தலைமுறை தாண்டி நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

தமிழிலும் ஒரு காலம் இருந்தது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, 1972இல் வந்த ‘கோகுலம்’, அதே ஆண்டு சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ், வாண்டுமாமா ஆசிரியராக இருந்து நடத்திய ‘பூந்தளிர்’ எல்லாம் பேருந்து நிலையக் கடையில் தொங்கிய காலம் அது. வாண்டுமாமா என்ற வி. கிருஷ்ணமூர்த்தி (1925–2014) நமக்குப் பெரிய கொடை. காடு, கோட்டை, மந்திரம், அறிவியல் என்று எதை எடுத்தாலும் பிள்ளையைக் கீழே பார்த்துப் பேசாத எழுத்து அவருடையது. ஆனால் அந்தச் சாகச மரபுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் வலுத்தது: கதை என்றால் கடைசியில் ஒரு நீதி இருக்க வேண்டும் என்பது. பெற்றோரும் ஆசிரியரும் நூலகங்களுக்கு நூல் தேர்ந்தவர்களும் அதையே விரும்பினார்கள். இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, வாராவாரம் காத்திருக்க வைக்கும் தொடர்கதையும் போனது. நீதிக் கதைத் தொகுப்புகள் மட்டும் அலமாரியில் தங்கிவிட்டன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் பத்தியிலேயே நீதி என்னவென்று தெரிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?

அப்படியானால் எதைக் கொடுப்பது? கையில் இருப்பதிலிருந்தே தொடங்கலாம். என் பட்டியலில் முதலில் நிற்பது ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் காணப்பட்ட விசித்திரமான காலடித் தடத்தைத் தேடி ராணுவ அதிகாரி பாண்டியன், டாக்டர் திவாகர், கிம் என்ற மலைநாட்டுச் சிறுவன் ஆகிய மூவரும் போகிறார்கள். பனிச்சரிவும் பள்ளத்தாக்கும் ஆபத்துமாக ஓடும் கதை, பாதியைத் தாண்டியதும், மனித இனம் பரிணாமத்தில் எதைப் பெற்றது, எதை இழந்தது என்ற பெரிய கேள்விக்குள் வாசகரை இறக்கிவிடுகிறது. பிள்ளைகளால் கனமான சிந்தனையைத் தாங்க முடியாது என்போருக்கு இந்த நாவலே பதில். பனியில் வழுக்கி விழும் பயத்தோடு சேர்த்துக் கொடுத்தால் டார்வினையும் புத்தரையும் அவர்கள் ஆவலோடு பெற்றுக்கொள்கிறார்கள். அடுத்தது உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. 2023இல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கீழடிக்கு வரும் இன்றைய சிறுவனையும் பழங்காலத்து ஆதனையும் சந்திக்க வைக்கிறது. ஆதன் என்பது கீழடிப் பானை ஓட்டில் உண்மையிலேயே கீறப்பட்டிருக்கும் பெயர். 2025இல் அதே விருதைப் பெற்றது விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. புதையல் வேட்டையை விரும்பும் பிள்ளைக்கு யெஸ். பாலபாரதியின் ‘புதையல் டைரி’யும் பா. ராகவனின் ‘புதையல் தீவு’ம் இருக்கின்றன. ஃபெலூடா வரிசையே வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. துப்பறியும் கதை பிடித்த பிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்தால் மற்றவற்றை அதுவே கேட்டு வாங்கும்.

சாகசம் என்றால் வாளும் துப்பாக்கியும்தான் என்று குறுக்கிக்கொள்ளவும் வேண்டாம். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ ஒரு கரிசல் காட்டுச் சிறுவன் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடி அலைவதைச் சொல்கிறது. கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நிற்கும் பிள்ளைக்கு, தன் கண்முன் இருக்கும் வேலங்காடே ஒரு சாகச நிலம் என்று அந்தச் சிறு நாவல் காட்டிவிடும். பதினான்கு, பதினைந்து வயதை எட்டியவர்களுக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாயும் நிலா என்ற இளம்பெண்ணும் ஒரு சர்வாதிகாரத்தின் உள்ளே சிக்கிக்கொள்ளும் கதை. அதைப் படித்தவர் அரசியலைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொள்வார். அந்த வயதுக்கு அது தேவையானதும்கூட. இதையெல்லாம் தாண்டி வரும் பிள்ளைக்குப் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்கள் பெரிய தடையாக இராது.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். முதலாவது தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அதன் பின் நீட் என்று பிள்ளைகளின் நேரம் நெருக்கப்படும்போது நாவல் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். கூலி வேலை செய்து படிக்கவைக்கும் குடும்பத்தில் இந்தக் கேள்வி நியாயமான அச்சத்திலிருந்து வருகிறது. அதை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் தேர்வில் பல பிள்ளைகள் தடுமாறுவது பாடம் தெரியாததால் மட்டுமல்ல, நீண்ட பத்தியைக் கவனம் சிதறாமல் படித்துப் பொருள் கொள்ள முடியாததாலும்தான். இருநூறு பக்க நாவலை விரும்பி முடித்த பிள்ளைக்கு நான்கு பக்க வரலாற்றுப் பாடம் அச்சம் தராது. இது பயிற்சி வகுப்பில் காசு கொடுத்து வாங்க முடியாத திறன். நூலகத்தில் அது இலவசம்.

இரண்டாவது, சாகசம்தான் கைப்பேசியில் கொட்டிக் கிடக்கிறதே என்ற வாதம். துப்பாக்கி விளையாட்டில் பிள்ளைகள் மணிக்கணக்கில் மூழ்குவது எனக்கு எதிரான சான்றல்ல. அந்த வயதுக்குச் சாகசப் பசி எவ்வளவு என்பதற்கு அதுவே சான்று. அந்த விளையாட்டில் செத்தவன் அடுத்த நொடி எழுந்து நிற்கிறான். சுட்டவனுக்கு எந்தச் சுமையும் இல்லை. நாவலில் ஒருவர் இறந்தால் மீதிப் பக்கங்கள் முழுக்க அந்த இழப்போடு நடக்க வேண்டியிருக்கிறது. திரையில் இன்னொருவர் கற்பனை செய்து முடித்த காட்டைப் பார்க்கிறோம்; புத்தகத்தில் அந்தக் காட்டைப் பிள்ளையே கட்டுகிறது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்து இந்தப் பசியைத் தீர்க்க முடியாது. அதற்கு ஈடாக, அதே அளவு ஈர்க்கும் ஒன்றைக் கையில் கொடுத்தாக வேண்டும். திருக்குறள் விளக்கவுரை அதற்கு ஈடாகாது என்பதைத் திருக்குறளை மதிப்பவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாவது, இவற்றைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் ஆபத்தில் இறங்கிவிடுவார்கள் என்ற பயம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே ஆபத்துக்கு நடுவில்தான் வாழ்கிறார்கள். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளும் படியில்லாக் கிணறுகளும் விடுமுறை நாள்களில் உயிர்களை வாங்குகின்றன. அங்கே இறங்கும் பிள்ளைகளை எந்த நாவலும் தூண்டவில்லை. நல்ல சாகசக் கதை, துணிச்சலுக்கும் அசட்டுத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. மலைபடுகடாத்தில்தான் எத்தனை எச்சரிக்கைகள்!

நான்காவது எதிர்ப்பு இவற்றில் மிகக் கனமானது: பழைய சாகச நாவல்கள் பலவற்றில் நஞ்சும் கலந்திருக்கிறது. ராபின்சன் குரூசோ அடிமை வணிகத்துக்குக் கப்பலேறியவன். ஸ்டீவன்சன் 1881இல் தன் வளர்ப்பு மகனுக்காக ஒரு தீவின் வரைபடத்தை வைத்து ‘டிரஷர் ஐலண்ட்’ தொடங்கியபோது, கதையில் பெண்களுக்கு இடமில்லை என்றே முடிவு செய்துகொண்டதாக அவரே பின்னாளில் எழுதினார். நம்முடைய பழைய தொடர்களிலும் காட்டில் வாழ்பவர்கள் என்றாலே கொடியவர்கள், கருத்த நிறம் என்றாலே வில்லன். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் ஜவ்வாதுமலையின் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். காட்டுவாசியை அரக்கனாக்கும் கதையை அவர்கள் கையில் கொடுப்பது குற்றம். எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பரிந்துரைக்கச் சொல்லவில்லை. தேர்ந்தெடுங்கள் என்கிறேன். சிறுமிகள் முன்னே நின்று வழிநடத்தும் கதைகளை, மலைவாழ் மக்கள் வழிகாட்டிகளாகவும் நாயகர்களாகவும் வரும் கதைகளைத் தேடி எடுங்கள். போதாவிட்டால் எழுத வையுங்கள். பழையவற்றில் எஞ்சுவதை ஆசிரியர் உடனிருந்து பேசிப் படிக்க வைக்கலாம். நஞ்சு இருக்கிறது என்பதற்காக வகையையே ஒதுக்கினால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.

ஆங்கிலத்தில் நிறைய இருக்கிறதே என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று: இருக்கிறது, ஆனால் யாருக்கு? கட்டணப் பள்ளியில் ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலச் சாகச வரிசைகள் காத்திருக்கின்றன. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. கற்பனை வளத்திலும் ஏற்றத்தாழ்வை நாம் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாட்டிலேயே முன்னோடியான சட்டங்களில் ஒன்று. அன்றிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். அந்தப் பணத்தில் வாங்கும் நூல்களில் பதினொன்று முதல் பதினைந்து வயதினருக்கான நாவல்களுக்கென்று தனி ஒதுக்கீடும் கிளை நூலகங்களில் தனி அலமாரியும் கேட்பது நம் உரிமை. பள்ளியில் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல், ஆசிரியர் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துவிட்டு அங்கேயே நிறுத்தட்டும். மீதியை யார் கேட்டு வருகிறார்கள் என்று பார்க்கட்டும். நூற்றைம்பது, இருநூறு பக்கத்தில், கண்ணை உறுத்தாத எழுத்தில், ஏழைக்கும் எட்டும் விலையில் இத்தகைய நாவல்களைப் பதிப்பாளர்கள் கொண்டுவர வேண்டும். 2021இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற மு. முருகேஷ் வந்தவாசிக்காரர். வம்சி புக்ஸ் இயங்குவது திருவண்ணாமலையில். எழுதவும் அச்சிடவும் வல்லவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மூத்த எழுத்தாளர்களே, உங்கள் அடுத்த நாவலைப் பன்னிரண்டு வயது வாசகருக்காக எழுதுங்கள். செஞ்சியும் எடுத்தனூரும் மலைபடுகடாம் பாடும் நவிரமலையும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. பெற்றோர்களே, மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது பொது அறிவுப் புத்தகத்தோடு ஒரு சாகச நாவலையும் வாங்குங்கள். எதை வாங்குவது என்பதை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். படித்து முடித்ததும் இதில் என்ன நீதி என்று கேட்காதீர்கள். அடுத்து எது வேண்டும் என்று கேளுங்கள்.